விண்வெளிப் பனியை ஆய்வகத்தில் அளப்பது எப்படி: முதல் நிறமாலை வரை

ஒரு வெற்றிட அறை, அதற்குள் 10 கெல்வின் வரை குளிரும் சிறு ஜன்னல், பக்கத்தில் ஒரு அகச்சிவப்பு ஸ்பெக்ட்ரோமீட்டர். ஆய்வகத்தில் சேர்ந்த முதல் வாரமே இந்த மூன்றையும் காட்டிவிட்டு, "கார்பன் டை ஆக்சைடு பனி போட்டு ஒரு ஸ்பெக்ட்ரம் எடுத்துக்கொண்டு வாருங்கள்" என்று சொல்லிவிடுவார்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். நம்பிக் கொடுக்கக்கூடிய ஒரு நிறமாலையை எடுக்க எனக்கு ஏழு வாரம் ஆனது. அந்த ஏழு வாரத்தில் யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நான் நினைத்ததையெல்லாம் இங்கே எழுதுகிறேன். வேதியியலோ இயற்பியலோ படித்துவிட்டு இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலில், எதற்காக இந்த வேலை? விண்மீன்கள் பிறக்கும் இருண்ட மேகங்களுக்குள் வெப்பநிலை 10 கெல்வின் அளவுதான், அதாவது சுமார் மைனஸ் 263 டிகிரி செல்சியஸ். அங்கே மிதக்கும் தூசித் துகள்மேல் எது மோதினாலும் பெரும்பாலும் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர், கார்பன் மோனாக்சைடு, கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன், அம்மோனியா, மெத்தனால் எல்லாம் அந்தத் துகள்மேல் உறைந்து படிகின்றன. தண்ணீராக இருந்தாலும் வேறு எதுவாக இருந்தாலும், இப்படி உறைந்ததை இந்தத் துறையில் பனி என்றே சொல்வோம். மேகத்துக்குப் பின்னால் இருக்கும் ஒரு விண்மீனின் ஒளி இந்தப் பனியைத் தாண்டி வரும்போது, ஒவ்வொரு மூலக்கூறும் தனக்கே உரிய அகச்சிவப்பு அலைநீளத்தை உறிஞ்சிவிடுகிறது. நிறமாலையில் அந்த இடத்தில் ஒரு பள்ளம் விழும்; ஆய்வகத்தில் உறிஞ்சலை மேல்நோக்கி வரைவதால் அது மேடாகத் தெரியும், அதைப் பட்டை என்போம். 2023-இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் 'ஐஸ் ஏஜ்' திட்டக் குழு, கமீலியன் 1 என்ற மேகத்தில் இப்படித்தான் மேலே சொன்ன மூலக்கூறுகளோடு கார்பனைல் சல்ஃபைடையும் கண்டறிந்தது. வானத்தில் தெரிந்த பள்ளம் எந்த மூலக்கூறுடையது, எவ்வளவு இருக்கிறது என்பதை ஆய்வக நிறமாலையை அதன்மேல் வைத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். நீங்கள் எடுக்கப்போகும் நிறமாலையை வைத்து யாரோ ஒருவர் ஒரு மேகத்தில் இருக்கும் பனியைக் கணக்கிடுவார். நிறமாலையில் உள்ள ஒவ்வொரு பட்டையும் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்வது அதனால்தான்.

அலகைப் பற்றி ஒரு வார்த்தை. ஆய்வகத்தில் அலை எண்ணில் பேசுவோம், அதாவது ஒரு சென்டிமீட்டரில் எத்தனை அலைகள் என்ற கணக்கு. வானியலாளர்கள் மைக்ரானில் பேசுவார்கள். 10,000-ஐ இந்த இரண்டில் ஒன்றால் வகுத்தால் மற்றது வந்துவிடும். கார்பன் டை ஆக்சைடு பனியின் முக்கியப் பட்டை 2343. 10,000-ஐ 2343-ஆல் வகுத்தால் 4.27 மைக்ரான். இதை மனக்கணக்காகப் போடப் பழகிக்கொள்ளுங்கள், தினமும் தேவைப்படும்.

வெற்றிடத்தில் அவசரம் வேண்டாம்

புதிதாக வருபவர்கள் ஸ்பெக்ட்ரோமீட்டரைத்தான் முதலில் கற்றுக்கொள்ள நினைக்கிறார்கள். பம்பிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வேன். ஒரு கணக்குப் போட்டால் காரணம் புரியும். அறையின் அழுத்தம் 10⁻⁶ மில்லிபார் அளவில் இருந்தால், மிச்சமிருக்கும் வாயு ஒரு குளிர்ந்த பரப்பின்மேல் சுமார் ஒரு நொடியில் ஒரு மூலக்கூறு அடுக்கு கனத்துக்குப் படிந்துவிடும். 10⁻⁷ மில்லிபாரில் அதற்குப் 13 நொடி ஆகும். 10⁻¹⁰ மில்லிபார் என்றால் மூன்றரை மணி நேரத்துக்கும் மேல். 10⁻⁶, 10⁻⁷ அளவில் மிச்சமிருக்கும் வாயுவில் பெரும்பங்கு தண்ணீர் ஆவி. ஆக, வெற்றிடம் சுமாராக இருந்தால் நீங்கள் போடாமலேயே உங்கள் ஜன்னல்மேல் தண்ணீர்ப் பனி வளர்ந்துகொண்டிருக்கும். ஜன்னலைச் சுற்றியிருக்கும் வெப்பக் கவசமும் குளிர்ந்திருப்பதால் அது கொஞ்சம் ஆவியைப் பிடித்துக்கொள்ளும். அதை நம்பி இருக்கக் கூடாது.

அறையைத் திறந்து மூடினால், ஹீட்டிங் டேப் சுற்றி 100 டிகிரிக்கு மேல் ஓரிரு நாள் சுட வையுங்கள். சுவரில் ஒட்டியிருக்கும் தண்ணீர் அப்போதுதான் வெளியேறும். ஜன்னலுக்கு எந்த ஓ-ரிங், எந்த கேஸ்கெட் என்று பார்த்துவிட்டுச் சுடுங்கள், ரப்பர் தாங்கும் சூடு குறைவு. உள்ளே போகும் எதையும் கையுறை இல்லாமல் தொடக் கூடாது. விரல் ரேகை ஒன்று போதும், 2850-இலும் 2920-இலும் இரண்டு கூர்மையான பட்டைகள் வந்து உட்கார்ந்துகொள்ளும். பழைய பம்பிலிருந்து எண்ணெய் ஆவி பின்னால் வந்தாலும் அதே இடத்தில்தான் தெரியும். இதைத் தெரியாதவர் ஏதோ கரிமச் சேர்மம் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்துவிடுவார்.

குளிர்விப்பது பெரும்பாலும் மூடிய சுற்று ஹீலியம் கிரையோஸ்டாட். திரவ ஹீலியம் ஊற்ற வேண்டியதில்லை, கம்ப்ரசரை ஓடவிட்டால் இரண்டு, மூன்று மணி நேரத்தில் 10 கெல்வின் அருகே வந்துவிடும். சென்சார் காட்டும் எண் தாமிரப் பிடியின் வெப்பநிலை, பனியின் வெப்பநிலை அல்ல. பிடிக்கும் ஜன்னலுக்கும் நடுவே மெல்லிய இண்டியம் தகடு வைத்து, திருகுகளை நான்கு மூலையிலும் சமமாக இறுக்குங்கள். தொடுகை சரியில்லாவிட்டால் சென்சார் 10 என்று காட்டும்போது பனி 20 கெல்வினில் கூட இருக்கலாம். கார்பன் மோனாக்சைடு 30 கெல்வினுக்குள்ளேயே ஆவியாகிவிடும் பொருள். அங்கே 10 கெல்வின் வித்தியாசம் சின்ன விஷயமில்லை.

ஜன்னல் எதுவாக இருக்கலாம்? ஜிங்க் செலினைடு உறுதியானது, ஈரத்துக்கு அஞ்சாது, 500 வரை ஒளியை விடும். பொட்டாசியம் புரோமைடும் சீசியம் அயோடைடும் அதற்குக் கீழேயும் விடும். ஆனால் ஈரத்தில் கரையும், மழைக்காலத்தில் வெளியே வைத்தால் ஒரே நாளில் மங்கிவிடும். கால்சியம் ஃப்ளோரைடு வேண்டாம். அதற்கு 1,100-க்குக் கீழே பார்வை கிடையாது, அம்மோனியாவின் 1070 பட்டையும் மெத்தனாலின் 1026 பட்டையும் போய்விடும். சில ஆய்வகங்களில் ஜன்னலுக்குப் பதில் தங்கக் கண்ணாடிமேல் பனி போட்டு, பட்டுத் திரும்பும் ஒளியை அளப்பார்கள். மிக மெல்லிய பனிக்கு அது அருமையான முறை. ஆனால் அதில் பட்டைகளின் இடமே மாறும். கார்பன் டை ஆக்சைடு 2343-இல் வராமல் 2380 அருகே வரும். அந்த நிறமாலையை அப்படியே எடுத்து வானத்து நிறமாலைமேல் வைக்க முடியாது. முதல் அளவீட்டுக்கு ஒளி ஊடுருவிப் போகும் முறையே போதும்.

எதையும் போடாமல் ஒரு நாள்

வாயு சிலிண்டரைத் திறப்பதற்கு முன் ஒரு முழு நாள் வெற்று ஓட்டம் ஓட்டுங்கள். அறையைக் குளிர வைத்து, ஒரு வாயுவும் விடாமல், மணிக்கு ஒரு நிறமாலை என்று எட்டு மணி நேரம். இதை நேரத்தை வீணடிப்பதாக நினைப்பவர்கள் உண்டு. நான் செய்த அளவீடுகளிலேயே அதிகம் கற்றுக்கொடுத்தது இதுதான்.

இந்த எட்டு மணி நேரத்தில் என்னென்ன தெரியும்? 2349-ஐ நடுவாக வைத்து இரண்டு பக்கமும் சிறு சிறு பற்கள் போல வரிசையாகக் கோடுகள். அது ஆய்வகக் காற்றின் கார்பன் டை ஆக்சைடு, ஸ்பெக்ட்ரோமீட்டர் பெட்டிக்குள் இருப்பது. 1400 முதல் 1800 வரையிலும், 3600 முதல் 3900 வரையிலும் கூர்மையான முட்கள், அது காற்றின் ஈரம். பெட்டிக்குள் உலர் நைட்ரஜன் விட்டுக்கொண்டே இருந்தால் இவை குறையும். ஒரு மூடியைத் திறந்து மூடினால்கூட மறுபடி நிலைக்கு வர அரை மணி நேரம் ஆகும். பக்கத்தில் குனிந்து நின்று பேசினாலே உங்கள் மூச்சு 2349-இல் தெரியும். வாயுவையும் பனியையும் பிரித்தறிய வழி எளிது. வாயு மூலக்கூறு சுழலும், அதனால் பட்டை பல கோடுகளாகப் பிரிந்து பற்கள் போல நிற்கும். பனியில் சுழல இடமில்லை, ஒரே வழவழப்பான பட்டைதான் வரும்.

அப்புறம் 3250 அருகே அகலமாக ஒரு மேடு மெல்ல எழும்பலாம். தண்ணீர்ப் பனியின் இடம் அது. உடனே உங்கள் ஜன்னல்மேல் தண்ணீர் படிகிறது என்று முடிவுகட்டாதீர்கள். எனக்கு அப்படி ஒரு மேடு தெரிந்து, வெற்றிட அறையைக் கழற்றி, கசிவு தேடி, மறுபடி சுட்டு, பத்து நாள் போனது. மேடு அப்படியே இருந்தது. ஒரு நாள் ஜன்னலைச் சூடாக்கிப் பார்த்தேன். 200 கெல்வினிலும் அந்த மேடு அசையவில்லை. வெற்றிடத்தில் தண்ணீர்ப் பனி 160 கெல்வின் வாக்கிலேயே போய்விட வேண்டும். அப்படியானால் அந்தப் பனி என் அறைக்குள்ளேயே இல்லை. ஸ்பெக்ட்ரோமீட்டரில் அகச்சிவப்பு ஒளியை உணரும், திரவ நைட்ரஜனில் குளிர்விக்கும் எம்.சி.டி. டிடெக்டரின் உறைக்குள் வெற்றிடம் கெட்டுப்போய், டிடெக்டரின்மேலேயே தண்ணீர் உறைந்திருந்தது. அந்த உறையை மறுபடி பம்ப் செய்ததும் மேடு மறைந்தது. அன்றிலிருந்து ஒரு பழக்கம்: சந்தேகமான பட்டை எது வந்தாலும் முதலில் ஜன்னலைச் சூடாக்கிப் பார்ப்பேன். சூட்டுக்கு அசைந்தால் அது ஜன்னல்மேல் இருக்கிறது, அசையாவிட்டால் வேறு எங்கோ இருக்கிறது.

பனி போடுதல்

முதல் பரிசோதனைக்குத் தூய கார்பன் டை ஆக்சைடு நல்ல தேர்வு. விஷமில்லை, பட்டைகள் வலுவானவை, ஒப்பிட்டுப் பார்க்கத் தரவு நிறைய இருக்கிறது. கார்பன் மோனாக்சைடை அடுத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு வாசனையே கிடையாது, அறையில் அலாரம் கட்டாயம் இருக்க வேண்டும். திரவ நைட்ரஜனைக் கதவு மூடிய சிறு அறையில் ஊற்றுவதும் ஆபத்து, ஆவியாகும் நைட்ரஜன் ஆக்சிஜனைத் தள்ளிவிடும்.

வாயுக் குழாயை நன்றாகப் பம்ப் செய்துவிட்டு, கண்ணாடிக் குடுவையில் சில மில்லிபார் வாயு எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது ஜன்னல் 10 கெல்வினில் இருக்கும்போதே பேக்கிரவுண்ட் நிறமாலை, அதாவது பனி போடுவதற்கு முந்தைய ஒப்பீட்டு நிறமாலை, எடுக்க வேண்டும். அறை வெப்பநிலையில் எடுத்து வைத்த பேக்கிரவுண்ட் உதவாது. குளிரும்போது உலோகப் பிடி சுருங்கி ஜன்னல் கொஞ்சம் நகர்ந்துவிடுகிறது, ஒளி படும் இடமே மாறிவிடுகிறது. ரெசல்யூஷன் 1, ஸ்கேன் 128 அல்லது 256. தூய கார்பன் மோனாக்சைடு போன்ற பட்டைகளின் அகலமே இரண்டு, மூன்று அளவுதான். ரெசல்யூஷனை 4-இல் வைத்து எடுத்தால் பட்டையின் உண்மையான வடிவம் கிடைக்காது.

வாயுவைத் துளித்துளியாக அறைக்குள் விடும் லீக் வால்வை மெதுவாகத் திருப்புங்கள். அழுத்தம் 10⁻⁷ மில்லிபாருக்கு ஏறட்டும், அங்கேயே நிறுத்துங்கள். அறை முழுக்கப் பரவிய வாயுவிலிருந்து படிவதாக வைத்துக்கொண்டால், இந்த வேகத்தில் 100 அடுக்கு படிய இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். குழாய் முனை நேராக ஜன்னலைப் பார்த்து இருந்தால் இன்னும் வேகமாகப் படியும். படியும்போதே இரண்டு நிமிடத்துக்கு ஒரு நிறமாலை எடுத்துக்கொண்டே வாருங்கள். 2343-இல் ஒன்றுமில்லாத தட்டைக் கோட்டில் முதலில் ஒரு சிறு முளை தெரியும், அடுத்த அளவீட்டில் அது உயரும், அதற்கடுத்து இன்னும். உறைந்த பொருளைக் கண்ணால் பார்க்க முடியாது, ஜன்னல் பளிங்கு மாதிரியே இருக்கும். திரையில் அந்த முளையைப் பார்க்கும்போதுதான் உள்ளே ஏதோ நடக்கிறது என்று தெரியும். எத்தனை தடவை செய்தாலும் அந்த முதல் முளையைப் பார்ப்பதில் எனக்கு இருக்கும் சந்தோஷம் குறையவில்லை.

பட்டையின் உச்சி 1 என்ற உறிஞ்சல் அளவைத் தாண்ட விடாதீர்கள். அதற்கு மேல் டிடெக்டருக்கு வரும் ஒளி மிகக் குறைந்துவிடும், கணக்கு பொய் சொல்ல ஆரம்பிக்கும். கனமான பனிதான் வேண்டுமென்றால் 2283-இல் இருக்கும் சின்னப் பட்டையைப் பாருங்கள். இயற்கைக் கார்பனில் நூற்றுக்கு ஒன்று கார்பன்-13, அதன் டை ஆக்சைடு அங்கே உறிஞ்சுகிறது. பெரிய பட்டை நிரம்பி வழியும்போதும் இந்தச் சிறியது ஒழுங்காக இருக்கும். வானியலாளர்களும் இதே உபாயத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

பட்டையை எண்ணாக மாற்றுவது

பட்டைக்கு இரண்டு பக்கமும் தட்டையான இடத்தைத் தேர்ந்து பேஸ்லைன், அதாவது அடிக்கோடு, போடுங்கள். பட்டைக்குக் கீழே உள்ள பரப்பை எடுங்கள். அதை 2.303-ஆல் பெருக்கி, பட்டை வலிமையால் (ஒரு மூலக்கூறு அந்தப் பட்டையில் எவ்வளவு உறிஞ்சும் என்ற எண்) வகுத்தால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை மூலக்கூறு என்று வந்துவிடும். ஸ்பெக்ட்ரோமீட்டர் 10-ஐ அடியாகக் கொண்ட மடக்கையில் தருவதால்தான் அந்த 2.303. இதை மறந்துவிட்டு இரண்டு மடங்குக்கு மேல் தவறான எண்ணைக் கொடுப்பவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள்.

உதாரணமாகப் பரப்பு 3.3 என்று வைத்துக்கொள்வோம். கார்பன் டை ஆக்சைடின் 2343 பட்டைக்கு வெகுகாலமாகப் புழக்கத்தில் இருந்த வலிமை, ஒரு மூலக்கூறுக்கு 7.6 × 10⁻¹⁷ சென்டிமீட்டர். 3.3 × 2.303 = 7.6. ஆகவே 10¹⁷ மூலக்கூறு. ஒரு அடுக்குக்கு 10¹⁵ என்று கொண்டால் 100 அடுக்கு, கனம் சுமார் 70 நானோமீட்டர். ஆனால் 2015-ஐ ஒட்டி மறுபடி அளந்தவர்கள் அந்த வலிமை 1.1 × 10⁻¹⁶ அருகே வருகிறது என்றார்கள். அதைப் போட்டால் அதே பனி 69 அடுக்குதான். பனியில் ஒரு மாற்றமும் இல்லை, வகுக்கும் எண் மட்டும் மாறியது, விடை மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அதனால் எந்த எண்ணைப் பயன்படுத்தினீர்கள் என்பதை விடையின் பக்கத்திலேயே எழுதுங்கள். முடிந்தால் கனத்தைத் தனியாகவும் அளந்துவிடுங்கள். சிவப்பு ஹீலியம்-நியான் லேசரைப் பனிமேல் ஏறத்தாழச் செங்குத்தாக விழ விட்டால், பனி வளர வளர எதிரொளி ஏறி இறங்கும். ஒளிவிலகல் எண் 1.3 உள்ள பனி என்றால் ஒரு முழு ஏற்ற இறக்கத்துக்கு 243 நானோமீட்டர்.

பட்டையின் உயரத்தைவிட வடிவம் அதிகம் சொல்லும். 650 முதல் 670 வரை பெரிதாக்கிப் பாருங்கள். தூய கார்பன் டை ஆக்சைடு என்றால் 655, 660 என்று இரட்டை முனை தெரியும். அதையே தண்ணீரோடு கலந்து உறைய வைத்தால் இரட்டை முனை போய் ஒற்றை மேடாகிவிடும். கலந்ததைச் சூடாக்கினால் இரண்டும் தனித்தனியாகப் பிரிந்து, இரட்டை முனை மறுபடி எட்டிப் பார்க்கும். இளம் விண்மீன்களைச் சுற்றியுள்ள பனியில் 15.2 மைக்ரானில் இந்த இரட்டை முனை காணப்படுகிறது. அந்தப் பனி முன்பு ஒரு காலத்தில் சூடாகியிருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

நிமிடத்துக்கு ஒரு கெல்வின் என்ற வேகத்தில் சூடாக்கிக்கொண்டே நிறமாலை எடுங்கள். 80 முதல் 90 கெல்வினுக்குள் கார்பன் டை ஆக்சைடு போய்விடும். தண்ணீரில் இன்னொரு பாடம் இருக்கிறது. 10 கெல்வினில் படிந்தது ஒழுங்கற்ற பனி, 3280-இல் அகலமான, சீரான பட்டை. 140, 150 கெல்வினில் அது படிகமாகும்போது பட்டை ஒடுங்கி, உச்சி கீழே நகர்ந்து, தோள்கள் முளைக்கும். மறுபடி 10 கெல்வினுக்குக் குளிர வைத்தாலும் அந்த வடிவம் திரும்பாது. ஆகவே ஒவ்வொரு நிறமாலைக் கோப்பிலும் இப்போதைய வெப்பநிலையோடு, அந்தப் பனி இதுவரை தொட்ட அதிகபட்ச வெப்பநிலையையும் குறித்து வையுங்கள்.

இன்னொன்று: நைட்ரஜனும் ஆக்சிஜனும் அகச்சிவப்பில் ஏறத்தாழத் தெரியவே தெரியா, இரண்டு பக்கமும் ஒரே அணு என்பதால். காற்று கசிந்து அவை உங்கள் பனியில் கலந்திருந்தாலும் நிறமாலை வாய் திறக்காது. மூலக்கூறுகளை நிறையை வைத்துப் பிரித்துக் காட்டும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரையும் சேர்த்து ஓடவிடுங்கள். அதிலும் நிறை 28 வந்தால் அது நைட்ரஜனா, கார்பன் மோனாக்சைடா, உடைந்த கார்பன் டை ஆக்சைடா என்று பார்க்க வேண்டும்.

எட்டு எண் நகர்ந்த கதை

ஒரு பட்டை கொஞ்சம் நகர்ந்தால் அதற்கு எவ்வளவு அர்த்தம் இருக்க முடியும் என்பதற்குச் சென்னையிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. 2019-இல் ஐஐடி மெட்ராஸில் டி. பிரதீப்பின் குழு, மீத்தேனையும் தண்ணீரையும் சேர்த்து உறைய வைத்து, 10⁻¹⁰ மில்லிபார் வெற்றிடத்தில், 30 கெல்வினில் சுமார் ஒரு நாள் அப்படியே விட்டுவைத்தது. 3009-இல் இருந்த மீத்தேன் பட்டைக்குப் பக்கத்தில் 3017-இல் புதிதாக ஒன்று எழுந்தது. தண்ணீர் மூலக்கூறுகள் கூண்டுபோலக் கட்டி மீத்தேனை உள்ளே பிடித்துக்கொண்டதால் வந்தது என்று அவர்கள் வாதிட்டார்கள். கடலடியில் பெரும் அழுத்தத்தில் இருக்கும் கிளாத்ரேட் ஹைட்ரேட், விண்வெளி வெற்றிடத்திலும் உண்டாகலாம் என்பது அதன் பொருள். அதே ஆண்டில், அவர்களுடைய கட்டுரை வந்த அதே இதழில், வேறு ஆராய்ச்சியாளர்கள் இந்த ஆதாரம் போதாது என்று எழுதினார்கள். சென்னைக் குழு அதற்குப் பதிலும் எழுதியது. இரு தரப்பையும் வரிசையாகப் படியுங்கள். ஒரு பட்டையை வேறு எப்படியெல்லாம் விளக்கலாம் என்று கேட்கும் பயிற்சி அதைவிட நன்றாக வேறெங்கும் கிடைக்காது.

உங்கள் நிறமாலையை ஒப்பிட, நெதர்லாந்தின் லைடன் ஆய்வகத்தின் பனித் தரவுத்தளமும், நாசா காடார்ட் மையத்தின் காஸ்மிக் ஐஸ் ஆய்வகத் தரவும் எல்லோருக்கும் திறந்திருக்கின்றன. உச்சி ஒன்றிரண்டு எண் தள்ளி இருந்தால் முதலில் ரெசல்யூஷனையும் வெப்பநிலையையும் சரிபாருங்கள்.

அடுத்த பரிசோதனை

தூய பனி கைவந்ததும் தண்ணீரையும் கார்பன் மோனாக்சைடையும் பத்துக்கு ஒன்று கலந்து போட்டுப் பாருங்கள். தண்ணீரை முதலில் மூன்று தடவை உறைய வைத்து, பம்ப் செய்து, உருக விட்டால்தான் அதில் கரைந்த காற்று போகும். 20 டிகிரியில் தண்ணீர் ஆவி 23 மில்லிபாருக்கு மேல் நிற்காது. குடுவையில் அதற்கு நன்றாகக் கீழே வைத்துக் கலக்குங்கள், இல்லாவிட்டால் சுவரில் தண்ணீர் படிந்து கலவை விகிதமே மாறிவிடும்.

தூய கார்பன் மோனாக்சைடு 2139-இல் ஒற்றையாக நிற்கும். கலவையில் அதற்குப் பக்கத்தில் 2152-இல் ஒரு தோள் எழும். ஆய்வகத்தில் எல்லோருக்கும் வரும் இந்தத் தோள் வானத்து நிறமாலைகளில் காணப்படவில்லை. பனியின் உள்துளைகளில் எந்தப் பிணைப்பிலும் சேராமல் தொங்கிக்கொண்டிருக்கும் தண்ணீரின் ஹைட்ரஜன் முனைகளைக் கார்பன் மோனாக்சைடு பிடித்துக்கொள்வதால் அது வருகிறது. கார்பன் மோனாக்சைடு சேராத தூய தண்ணீர்ப் பனியில் அந்த முனைகள் 3696-இலும் 3720-இலும் இரண்டு மிகச் சிறிய பட்டைகளாகத் தெரியும், அதாவது 2.7 மைக்ரான். வானத்தில் அகப்படாமல் இருந்த இந்த முனைகளின் பட்டைகளை 2024-இல் ஜேம்ஸ் வெப் தரவில், அதே கமீலியன் 1 மேகத்தில் கண்டதாக அறிவித்தார்கள். உங்கள் அறையில் அவை விழுவது காற்றின் ஈரம் முட்களாக நிற்கும் அதே 3600 முதல் 3900 வரையிலான இடத்தில். ஆகவே முந்தைய இரவே உலர் நைட்ரஜனைத் திறந்து வைத்துவிட்டுப் போங்கள். காலையில் வந்ததும் மூடி எதையும் திறக்காமல் பேக்கிரவுண்ட் எடுங்கள், முட்கள் அடங்கியிருந்தால் மட்டும் லீக் வால்வைத் தொடுங்கள்.